வெளிமாநிலத் தொழிலாளருக்கு மருத்துவம்: அடையாள அட்டை முதல் ஊர் திரும்பும் வரை

திருப்பூர் பனியன் கம்பெனியிலும் ஒரகடம் தொழிற்சாலையிலும் கோவை பவுண்டரியிலும் சென்னைக் கட்டட வேலையிலும் இருக்கும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கத் தொழிலாளர்கள் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போவது அபூர்வம். சூப்பர்வைசரோ ஹெச்.ஆரோ வீட்டு ஓனரோ பக்கத்து அறைக்காரரோ, யாராவது ஒருவர் கூடப் போவார். அந்த ஒருவர் நீங்களாக இருந்தால் இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்க எந்த மாநிலம் என்பது தடையில்லை. வாசலில் யாரும் திருப்பி அனுப்புவதில்லை. முதல் நாள் ஊசியும் மாத்திரையும் கிடைத்துவிடும். சிக்கல் அதற்கு முன்னும் பின்னும்தான். ஒரு நாள் சம்பளம் போகும் என்று பத்து நாள் காய்ச்சலோடு வேலைக்குப் போவார்கள். போய்ப் பார்த்த பிறகு, அடுத்த வாரம் ரிப்போர்ட்டோடு வரச் சொன்னால் வர மாட்டார்கள். வந்தாலும் பழைய சீட்டு கையில் இருக்காது. ஆகவே கூடப் போகிறவரின் வேலை ஆஸ்பத்திரியைக் காட்டுவதோடு முடிவதில்லை. இரண்டாவது முறையும் அவரை வர வைப்பதுதான் பெரிய வேலை.

1. உடம்பு நன்றாக இருக்கும்போதே பார்க்க வேண்டியது: ஈஎஸ்ஐ

10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலை, கடை, நிறுவனம் எதுவானாலும், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவருக்கு ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசு காப்பீடு உண்டு. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 14,000 ரூபாய் சம்பளம் என்றால் தொழிலாளியிடம் பிடிப்பது 105 ரூபாய்தான். ஊர் எது, மொழி எது, நிரந்தரமா கான்ட்ராக்டா என்பதெல்லாம் இதில் பேச்சே இல்லை. கான்ட்ராக்டர் பணம் கட்டாமல் விட்டாலும், வேலை வாங்கும் முதன்மை நிறுவனமே அதற்குப் பொறுப்பு. 'அவங்க எங்க ஆள் இல்ல, கான்ட்ராக்டர் ஆள்' என்று கம்பெனி கை கழுவ முடியாது.

முதலில் சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். ஈஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் 10 இலக்க காப்பீட்டு எண்ணும் இருக்க வேண்டும். பிடித்தம் இருந்தும் எண் இல்லை என்றால் அன்றைக்கே ஹெச்.ஆரிடம் கேளுங்கள். 1800 11 2526 என்ற இலவச எண்ணிலும் விசாரிக்கலாம்.

ஒருவருக்கு வாழ்நாள் முழுக்க ஒரே எண்தான். இது பலருக்குத் தெரிவதில்லை. சூரத்திலோ பெங்களூரிலோ வேலை செய்தபோது எண் வாங்கியிருப்பார், இங்கே வந்ததும் புதிதாக இன்னொன்று போட்டுவிடுவார்கள். பழைய கணக்கு ஒரு பக்கம், புதுக் கணக்கு ஒரு பக்கம் என்று பிரிந்துபோனால் பணப் பலன்கள் சிக்கலாகும். அதனால் புது வேலையில் சேரும்போது பழைய எண் இருக்கிறதா என்று கேட்டு, அதையே கொடுக்கச் சொல்லுங்கள்.

எண் கிடைத்ததும் இ-பெஹ்சான் எனும் ஈஎஸ்ஐ அடையாள அட்டையைப் பதிவிறக்கி, ஆதாரில் இருக்கும் பெயரும் பிறந்த தேதியும் அதில் அப்படியே இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கிளெய்ம் நேரத்தில் அலைய விடுவார்கள். குடும்பம் ஊரில் இருந்தால் அவர்களையும் சேர்க்கலாம். அவர்கள் அங்கேயே இருக்கும் ஈஎஸ்ஐ மருந்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். மனைவியும் குழந்தையும் பீகாரில் இருக்கிறார்கள், எதற்குப் பெயர் சேர்க்க வேண்டும் என்று அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவதுதான் வழக்கம். விடாதீர்கள்.

மருத்துவம் வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உண்டு. பணப் பலன்களுக்குத்தான் நாள் கணக்கு. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் பணம் கட்டியிருந்தால், உடம்பு சரியில்லாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். இதை வாங்க ஈஎஸ்ஐ டாக்டர் கொடுக்கும் சான்றிதழ் வேண்டும். லீவு போட்டால் சம்பளம் போகும் என்று பயப்படுகிறவரிடம் சொல்ல வேண்டிய முதல் விஷயம் இதுதான். ஆனால் இதை அவரிடம் யாரும் சொல்வதில்லை.

2. ஈஎஸ்ஐ இல்லாதவர்கள்

கட்டட வேலை, செங்கல் சூளை, ஓட்டல், வீட்டு வேலை. இங்கேதான் பாதிப்பு அதிகம், பாதுகாப்பும் குறைவு.

சொந்த மாநிலத்தில் மத்திய அரசின் மருத்துவக் காப்பீடான ஆயுஷ்மான் அட்டை வாங்கியிருக்கிறாரா என்று கேளுங்கள். 2018 செப்டம்பரில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. சேர்ந்திருக்கும் மாநிலங்களின் அட்டை, நாட்டில் எங்கே திட்டத்தில் உள்ள மருத்துவமனையாக இருந்தாலும் செல்லும். அட்டை கையில் இல்லை என்றாலும் 14555-ஐ அழைத்து, குடும்பத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஒடிசா 2025-இல்தான் இதில் சேர்ந்தது. மேற்கு வங்கம் 2019-இல் விலகி, சுவாஸ்த்ய சாத்தி என்ற தன் சொந்தத் திட்டத்தை நடத்தி வந்தது. அதனால் வங்காளத் தொழிலாளியிடம் எந்த அட்டை வைத்திருக்கிறார் என்று பார்த்துவிட்டு, அந்த மருத்துவமனை அதை ஏற்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த அட்டையைப் பற்றிப் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். படுக்கையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்குத்தான் இது. காய்ச்சல், வயிற்றுவலி, தோல் அரிப்பு என்று ஓ.பி.யில் பார்ப்பதற்கு உதவாது. தொழிலாளிக்கு வரும் நோய்களில் பெரும்பாலானவை ஓ.பி. வகைதான். வெளிமாநில அட்டை என்றால் அந்த மாநிலத்திலிருந்து முன் அனுமதி வர வேண்டும். அதனாலேயே சில தனியார் மருத்துவமனைகள் தயங்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காப்பீட்டுக்கென்று தனி கவுண்டர் இருக்கும். அங்கே போய்க் கேட்பது நல்லது.

தமிழ்நாட்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் வழி இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் இங்கே வசிக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களைத் தொழிலாளர் துறை பட்டியல் கொடுத்துச் சேர்க்கலாம். தனி ஆளாக அலைவதைவிட, 20, 30 பேர் வேலை செய்யும் இடத்தில் முதலாளியோ சங்கமோ மொத்தமாகப் பட்டியல் தயாரித்து தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுப்பது சுலபம். திட்டத்தின் உதவி எண் 1800 425 3993.

கட்டடத் தொழிலாளி என்றால் நல வாரியத்தில் பதிய முயலுங்கள். அமைப்புசாராத் தொழிலாளருக்கு மத்திய அரசு தரும் இ-ஷ்ரம் அட்டையும் எடுத்து வையுங்கள். இ-ஷ்ரம் அட்டையால் மட்டும் சிகிச்சை கிடைக்காது, ஆனால் தொழிலாளி என்பதற்கு ஓர் ஆதாரம்.

3. எங்கே போவது, எந்த நேரத்தில் போவது

நடைமுறையில் முதல் நிறுத்தம் மெடிக்கல் ஷாப். அங்கே சொல்லி இரண்டு நாள் மாத்திரை வாங்கிச் சாப்பிடுவார்கள். அப்புறம், அறைகள் நெருக்கமாக இருக்கும் பகுதியில் 'டாக்டர்' என்று உட்கார்ந்திருப்பவரிடம் ஓர் ஊசி. அவரிடம் பதிவு எண் இருக்கிறதா என்பது வேறு கதை. ஏன் அங்கே போகிறார்கள் என்றால், இரவு ஒன்பது மணிக்குத் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். 12 மணி நேர ஷிஃப்ட் பார்ப்பவருக்குக் காலை ஓ.பி. எட்டாத விஷயம்.

நகரமாக இருந்தால் நகர்ப்புற நலவாழ்வு மையத்தைத் தேடுங்கள். காலை 8 முதல் 12 வரையும், மாலை 4 முதல் 8 வரையும் திறந்திருக்கும். பகல் ஷிஃப்ட் முடிந்து போகலாம், ஒரு நாள் சம்பளம் மிஞ்சும். இந்த ஒரு தகவலைத் தங்குமிடத்தின் வாசலில் இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் எழுதி ஒட்டினாலே பாதிப் பேர் ஊசிக்காரரிடம் போக மாட்டார்கள் என்பது என் கணிப்பு.

அவசரம் என்றால் 108. யோசிக்கவே வேண்டாம். ஆலோசனைக்கு 104. மனச்சோர்வு, தூக்கமின்மை, ஊர் நினைவு, குடி என்று வந்தால் 14416, டெலி மானஸ். அதில் பல இந்திய மொழிகளில் பேசுகிறார்கள் என்பதால், தமிழ் தெரியாதவருக்கு நேரில் போவதைவிட இது சில நேரம் நன்றாகவே உதவும்.

பணம் கட்டினால்தான் தொடுவோம் என்று எந்த மருத்துவமனையும் அவசர சிகிச்சையை மறுக்கக் கூடாது. 1989-இல் பரமானந்த கடாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. 1996-இல் மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்கம் தொடுத்த வழக்கில், அரசு மருத்துவமனை அவசர சிகிச்சையை மறுப்பது உயிர் வாழும் உரிமையை மீறுவது என்று தீர்ப்பு வந்தது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு தொழிலாளியை மருத்துவமனை மருத்துவமனையாக அலைய விட்டதிலிருந்து பிறந்த வழக்கு அது. கவுண்டரில் நின்று சட்டம் பேச வேண்டியதில்லை. உங்கள் குரலில் தயக்கம் இல்லாமல் இருக்க இது தெரிந்திருந்தால் போதும்.

4. டாக்டர் முன்னால்

வெளிமாநிலத்தவர் எல்லோருக்கும் இந்தி தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். சந்தாலி மட்டும் பேசுகிறவர் இருப்பார், ஒடியா மட்டும் தெரிந்த பெண் இருப்பார். அவர் மொழி தெரிந்த கூட்டாளி ஒருவரைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போடுங்கள். சூப்பர்வைசரையே மொழிபெயர்ப்பாளராக வைக்காதீர்கள், குறிப்பாகப் பெண்களுக்கும் வேலையில் அடிபட்டவர்களுக்கும். பெண் தன் உடம்பைப் பற்றி அவர் முன்னால் பேச மாட்டார். அடிபட்டவர் மெஷினைப் பற்றி ஏதோ சொல்ல, சூப்பர்வைசர் வாயில் அது வேறு ஏதோவாக மாறி வரும்.

மூன்று விஷயங்களை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

எந்த ஊரிலிருந்து, எப்போது வந்தார் என்பது முதலாவது. ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பகுதிகளில் பால்சிபாரம் மலேரியா உண்டு. ஊருக்குப் போய்த் திரும்பிச் சில வாரங்களில் குளிர்க்காய்ச்சல் என்றால் ரத்தப் பரிசோதனை அவசியம். ஊர் பெயர் சொல்லாவிட்டால் இது வைரல் காய்ச்சல் என்று போய்விடும். பால்சிபாரம் இரண்டு மூன்று நாளில் மூளை வரை போகக் கூடியது.

இரண்டாவது, இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறதா என்பது. ஒரே அறையில் எட்டு, பத்து பேர் படுக்கும் இடத்தில் இது ஒருவரின் பிரச்சினை மட்டுமில்லை. சளிப் பரிசோதனை அரசு மையங்களில் இலவசம்.

மூன்றாவது, என்ன வேலை. கல் குவாரி, கிரஷர், பவுண்டரி மணல், கட்டடத்தில் கல் அறுப்பு என்றால் மூச்சுத் திணறல் சிலிகோசிஸாக, அதாவது கல் தூசியால் வரும் நுரையீரல் நோயாக இருக்கலாம். அதைக் காசநோய் என்று நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டே இருப்பதும் நடக்கிறது.

வெளியே வந்ததும் ஓ.பி. சீட்டு, மாத்திரை அட்டை, லேப் ரிப்போர்ட் மூன்றையும் அவர் போனிலேயே போட்டோ எடுத்து, அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். தாள் தொலையும், போன் மாறும், வாட்ஸ்அப்பில் இருப்பது பெரும்பாலும் மிஞ்சும். மாத்திரைக் கவரில் காலைக்கு ஒரு சூரியன், ராத்திரிக்கு ஒரு பிறை என்று பேனாவால் வரைந்து கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இதைவிடத் தெளிவான வழி கிடையாது. மறுபடி எப்போது வர வேண்டும் என்பதை அவர் போன் காலண்டரில் அலாரமாக வைத்துவிடுங்கள்.

5. வேலையில் அடிபட்டால்

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். இங்கே முதல் இரண்டு மணி நேரத்தில் நடப்பதுதான் அடுத்த இருபது வருடத்தைத் தீர்மானிக்கும்.

வழக்கமாக நடப்பது இது. பவர் பிரஸ்ஸில் விரல் போகிறது. கான்ட்ராக்டர் தன் பைக்கில் ஏற்றி, தெரிந்த ஒரு சின்ன கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறார். 'ரூம்ல கதவு இடுக்குல மாட்டிக்கிச்சு' என்று பதிவாகிறது. தையல் போட்டு, கையில் பத்தாயிரம் ரூபாய் கொடுத்து, ஊருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு கேட்டால் வேலையில் அடிபட்டதற்கு எந்த ஆதாரமும் இருக்காது.

அதனால் செய்ய வேண்டியவை:

விரல் துண்டாகிவிட்டால், துண்டை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கமாகக் கட்டி, அந்தப் பையை ஐஸில் வையுங்கள். துண்டை நேரடியாக ஐஸிலோ தண்ணீரிலோ போட்டால் திசு கெட்டுவிடும். கையைத் தூக்கிப் பிடித்து, துணியால் அழுத்திக் கட்டுங்கள். சின்ன கிளினிக்குக்குப் போய் நேரத்தை வீணாக்காமல், நுண் அறுவை செய்யக்கூடிய மருத்துவமனைக்கு ஆறு மணி நேரத்துக்குள் போகப் பாருங்கள். சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைப் பிரிவு இதற்குப் பேர் போனது.

அவசரப் பிரிவில் விபத்துப் பதிவேடு எழுதுவார்கள். அதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்பார்கள். எப்படி அடிபட்டது என்று கேட்கும்போது, இடம், நேரம், மெஷின், கம்பெனி பெயர் நான்கையும் சொல்லி எழுத வையுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். இந்த ஒரு வரி மாறிப்போனால் பின்னால் எந்த வக்கீல் வந்தாலும் கஷ்டம்.

ஈஎஸ்ஐ இருந்தால் கம்பெனி விபத்து அறிக்கையை ஈஎஸ்ஐ அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பியதற்கு நகல் கேளுங்கள். தற்காலிக இயலாமைக் காலத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். நிரந்தர இழப்பு இருந்தால் மருத்துவக் குழு மதிப்பிட்டு மாதாமாதம் பணம் வரும். இதற்கு 78 நாள் கணக்கு கிடையாது, வேலைக்குச் சேர்ந்த அன்றே அடிபட்டாலும் உண்டு. அறையிலிருந்து வேலைக்கு வரும் வழியில் நடந்த விபத்தும் இதில் வரும்.

ஈஎஸ்ஐ இல்லை என்றால், 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் வழியில் முதலாளி இழப்பீடு கொடுக்க வேண்டும். சிகிச்சைக்கு ஆன உண்மையான செலவையும் அவரே ஏற்க வேண்டும். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் இதே ஏற்பாடுதான் இருந்தது. பில் ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள். மனுவை இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். விபத்து நடந்த இடத்தில்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை, தொழிலாளியோ குடும்பமோ வசிக்கும் ஊரிலும் கொடுக்கலாம். ஊருக்கு அனுப்பி வைத்துவிட்டால் கேஸ் முடிந்தது என்று நினைக்கும் கான்ட்ராக்டர்களுக்கு இது பெரும்பாலும் தெரியாது. தொழிலாளிக்கு நீங்கள் சொல்லிவிடுங்கள்.

வெள்ளைத் தாளிலோ புரியாத மொழியில் எழுதிய தாளிலோ கையெழுத்துப் போடக் கூடாது என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள்.

சாலை விபத்து என்றால் கதை கொஞ்சம் சுலபம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த மாநிலம், காப்பீடு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. கொண்டுபோய்ச் சேர்ப்பவரை போலீஸ் வழக்கில் இழுக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு சொல்கிறது.

6. கர்ப்பிணிகளும் குழந்தைகளும்

குடும்பத்தோடு வந்திருப்பவர்களைச் செங்கல் சூளையிலும் கட்டட இடத்திலும் அதிகம் பார்க்கலாம். கர்ப்பிணி இருந்தால் அந்தப் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் பிக்மி எண் என்ற கர்ப்பப் பதிவு எண் இல்லாமல் பின்னால் பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது சிரமம் வரும். ஊரில் கொடுத்த தாய் சேய் அட்டை இருந்தால் அதைக் காட்டினால், போட்ட தடுப்பூசி விவரம் தெரியும். அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன் உட்பட, ரத்தம், மருந்து, பரிசோதனை எல்லாம் இலவசம். இதற்கு இருப்பிடச் சான்று தேவையில்லை.

ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்டின் பழங்குடிக் குடும்பம் என்றால், பரம்பரையாக வரும் ரத்த நோயான அரிவாள் செல் சோகைக்குப் பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். இங்கே இந்நோய் நீலகிரி போன்ற பகுதிகளுக்கு வெளியே அதிகம் காணப்படாததால் யாருக்கும் சட்டென்று தோன்றாது.

7. தொடர் மருந்தும் ஊர்ப் பயணமும்

சர்க்கரை, ரத்த அழுத்தம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதா மாதம் மருந்து வாங்கலாம். 2024-இல் தொடங்கிய தொழிலாளர்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வேலை செய்யும் இடத்துக்கே வந்து பரிசோதிக்கிறார்கள். உங்கள் கம்பெனிக்கு வரவில்லை என்றால் வட்டார சுகாதார அலுவலகத்தில் கேட்டு வரச் சொல்லலாம்.

காசநோய்தான் கவனமாக இருக்க வேண்டியது. ஆறு மாத மருந்து. இரண்டாம் மாதத்திலேயே இருமல் நின்றுவிடும், பசி எடுக்கும், எடை ஏறும். அப்போது ஊரில் அறுவடையோ கல்யாணமோ சத் பூஜையோ வரும். கிளம்பிவிடுவார். பாதியில் விட்ட மருந்து, அடுத்த முறை மருந்துக்கு அடங்காத காசநோயாகத் திரும்பலாம்.

பதிவு செய்ததும் கொடுக்கும் நிக்ஷய் எண்ணை அவருடைய போனில் பெயர் மாதிரி சேமித்து வையுங்கள். அந்த எண் இருந்தால் நாட்டில் எந்த அரசு மையத்திலும் மருந்தைத் தொடரலாம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே இங்கே காசநோய்ப் பணியாளரிடம் ஊர், மாவட்டம், போகும் தேதி சொன்னால் மாற்றிக் கொடுப்பார், பயணத்துக்கும் சில நாட்களுக்கும் மருந்து கையில் தருவார். சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் நேரடியாக வங்கிக் கணக்கில் வரும். 2024 நவம்பருக்கு முன்பு அது 500 ஆக இருந்தது. கணக்கு ஊரில் மனைவி பெயரில் இருக்கிறது, எண் தெரியாது என்று பாதிப் பேர் இந்தப் பணத்தை விட்டுவிடுகிறார்கள். ஒரு போன் போட்டுக் கேட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள். எச்.ஐ.வி. மருந்துக்கும் இதே மாதிரி மையம் விட்டு மையம் மாற்றிக்கொள்ளலாம், உதவி எண் 1097.

முதலாளியிடம் நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. காசநோய் என்று தெரிந்ததும் அறையைக் காலி செய்யச் சொன்ன இடங்கள் உண்டு. மருந்து ஆரம்பித்துச் சில வாரங்களில் தொற்றும் தன்மை பெரிதும் குறைந்துவிடும் என்பதை, கேட்கும் மனநிலையில் இருக்கும் ஓனரிடம் டாக்டரையே சொல்ல வைப்பது நல்லது.

எங்காவது முட்டிக்கொண்டால், ஈஎஸ்ஐ விஷயத்துக்கு அவர்களுடைய மண்டல அலுவலகம், மற்றவற்றுக்குத் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள். வழக்கு வரை போனால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தொழிலாளிக்கு இலவச வக்கீல் உண்டு, எண் 15100. மனுவைத் தமிழில் எழுதி, ஏ.ஆர். காப்பி, சம்பளச் சீட்டு, ஓ.பி. சீட்டு மூன்றின் நகலையும் பின்னால் இணையுங்கள். அவருடைய ஊர் முகவரியையும் அங்கே இருக்கும் ஒருவரின் போன் எண்ணையும் கட்டாயம் சேர்த்து எழுதுங்கள், பதில் வரும்போது அவர் எந்த ஊரில் இருப்பார் என்று சொல்ல முடியாது.